மணற்கல்லும் மாலினியும்

பழைய கட்டடங்களின் கல்லை அண்ணாந்து பார்ப்பதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் நம்புங்கள். ஆனால் பக்கத்தில் நின்று இன்னொருவரும் அண்ணாந்து பார்ப்பார், அவருக்கு மட்டும் கழுத்து வலிக்காது என்பதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை.

என் பெயர் சேவியர். வீடு ஈசூனில். பழைய கட்டடங்களைச் சோதித்து, எது நிற்கும், எது உதிரும், எதை எப்படிச் சரிசெய்யலாம் என்று சொல்லும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை. சிங்கப்பூரின் பழைய கட்டடங்கள் பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்புப் பூச்சும்தான். கல் என்று வந்தால் கருங்கல். மணற்கல் அபூர்வம். ஏதோ ஒரு யுகத்தில் ஆற்றடியிலோ கடலடியிலோ மணல்மேல் மணலாகப் படிந்து இறுகிய கல் அது. உற்றுப் பார்த்தால் வரி வரியாக அடுக்குத் தெரியும். ஒவ்வொரு வரியும் ஒரு வெள்ளமோ ஒரு வறட்சியோ. அந்த வரிகளைப் பார்க்கும்போது எனக்கு வரும் சந்தோஷத்தை என் மனைவியிடம்கூடச் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. எங்கள் அலுவலகத்தில் மணற்கல் என்றால் சேவியரைக் கூப்பிடு என்றுதான் இருந்தது.

பிறகு மாலினி வந்தாள். 'வந்தார்' என்று எழுதுவதுதான் மரியாதை. இன்றைக்கும் எனக்குக் கை வரவில்லை. பிடோக்கில் வீடு. நல்ல குரல், நல்ல சிரிப்பு, வேலையும் நன்றாகத் தெரியும். என்னைவிட நாலைந்து வயதுதான் சின்னவள், ஆனால் முதல் நாளிலிருந்தே 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டாள். கெட்டவளாக இருந்திருந்தால் வீட்டுக்குப் போய்த் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். நல்லவர்களைப் பார்த்துப் பொறாமைப்படுவது இருக்கிறதே, அதற்கு ஓய்வே கிடையாது. உள்ளே புகைந்துகொண்டே வெளியே கட்டைவிரலைத் தூக்கி 'சூப்பர்லா' சொன்ன அனுபவம் உங்களுக்கும் இருந்தால் வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

குவே லாப்பிஸ்

நகரத்தில் ஒரு பழைய தேவாலயம். முகப்பில் தூண்களின் அடிப்பகுதி மணற்கல். முகம் உரிந்து உரிந்து விழுந்துகொண்டிருந்தது. என்ன காரணம் என்று தேவாலயத்தை நடத்தும் பங்குக் குழுவுக்கு விளக்க என்னை அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து எல்லாரும் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒரு பெட்டி குவே லாப்பிஸ், அதாவது மெல்லிய அடுக்குகளாகச் செய்த கேக், வாங்கிக்கொண்டு போனேன். ஒரு துண்டைப் படுக்க வைத்து மேலே அழுத்திக் காட்டினேன், அப்படியே தாங்கியது. இன்னொன்றை நிமிர்த்தி வைத்து அழுத்தினேன். அடுக்கடுக்காகப் பிரிந்து சரிந்தது. "கல்லும் இப்படித்தான். பூமிக்குள்ள எப்படிப் படுத்திருந்துச்சோ அப்படியே சுவத்துலயும் படுக்க வைக்கணும். இங்க கட்டினவங்க நிமித்தி வச்சிட்டாங்க, அதான் உரியுது" என்றேன். எல்லாரும் தலையாட்டிக்கொண்டே மீதிப் பெட்டியைக் காலி செய்தார்கள். முடிவு எதுவும் எடுக்கவில்லை.

அடுத்த கூட்டத்தன்று எனக்குக் காய்ச்சல். மாலினி போனாள். போவதற்கு முன்னால் போன் செய்து, "அண்ணே, உங்க குவே லாப்பிஸ் ஐடியாவ நான் யூஸ் பண்ணிக்கவா?" என்று முறையாகக் கேட்டாள். "தாராளமா பண்ணிக்கம்மா" என்று போர்வைக்குள்ளிருந்து சொன்னேன். அவள் ஆளுக்கொரு துண்டு கையில் கொடுத்து, அவர்களையே நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லி, அவர்கள் விரலாலேயே அழுத்தச் சொன்னாளாம். அன்றைக்கே எல்லாக் கல்லையும் மாற்ற ஒப்புக்கொண்டார்கள். வேலை தொடங்கிய நாளில் நான் போனபோது குழுத் தலைவர் பெர்னார்ட் அங்கிள் என் தோளில் கைபோட்டுச் சொன்னார்: "அந்தப் பொண்ணு குவே லாப்பிஸ் வச்சுச் சொன்னதும் பளிச்சுனு புரிஞ்சிடுச்சு சேவியர். நீங்க ஏன் அன்னைக்கு வெறுமனே கேக் மட்டும் குடுத்துட்டுப் போயிட்டீங்க?"

குமரேசன் கடைப் படி

லிட்டில் இந்தியாவில், கீழே கடையும் மேலே வீடுமான ஒரு கடைவீட்டு வரிசையைச் சோதிக்கப் போயிருந்தேன். முன்னால் கூரைக்கடியில் ஓடும் ஐந்தடிப் பாதையிலிருந்து கடைகளுக்குள் ஏறும் படிகள் எல்லாம் கருங்கல். குமரேசன் என்பவரின் பூக்கடையில் மட்டும் படி வேறு நிறமாக இருந்தது. ஊதுபத்திச் சாம்பலையும் வாழைநார்த் துணுக்கையும் ஒதுக்கிவிட்டுக் குனிந்து பார்த்தேன். மணற்கல். மேல்பரப்பு முழுக்க அலை அலையாக மேடும் பள்ளமும். கடற்கரையில் தண்ணீர் வடிந்தபின் மணலில் கோடு விழுந்திருக்குமே, அதே கோடு. எந்தக் காலத்துக் கரையோ அப்படியே இறுகிக் கல்லாகி, எந்தக் கப்பலில் பாரத்துக்காகப் போட்டு வந்ததோ, இங்கே மல்லிகைப் பூவுக்கும் ரோஜா மாலைக்கும் படியாகக் கிடக்கிறது. என் குடிதண்ணீரை அதன்மேல் ஊற்றினேன். பள்ளங்களில் தண்ணீர் ஓடி அலைகள் தெரிந்தன. மண்டியிட்டபடியே இருந்தேன். "சார், பூ வாங்கறவங்க நிக்கிறாங்க" என்று குமரேசன் எழுப்பிவிட்டார்.

சந்தோஷம் தாங்காமல் மத்தியானச் சாப்பாட்டில் மாலினியிடம் சொல்லிவிட்டேன். அங்கேதான் தப்பு. அவள் சனிக்கிழமை மாலை போய், சாய்ந்த வெயில் படியில் விழும் நேரம் பார்த்து ஒரு படம் எடுத்தாள். அந்தப் படத்தில் கல் மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. நான் நேரில் பார்த்ததைவிட அழகாக இருந்ததுதான் கொடுமை. இணையத்தில் போட்டாள். 'இதை முதலில் கண்டது எங்கள் சேவியர் அண்ணன்' என்று கடைசி வரியில் எழுதியிருந்தாள். கடைசி வரியை யார் படிக்கிறார்கள்? கூட்டம் வர ஆரம்பித்தது. இரண்டு வாரம் கழித்து மீதி அளவெடுக்க நான் போனேன். குமரேசன் மாலை தொடுத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார், என்னை அடையாளம் தெரியவில்லை. "நீங்களும் மாலினி கல்லப் பாக்க வந்தீங்களா சார்? செருப்பக் கழட்டிட்டு ஏறுங்க."

பள்ளிக்கூடச் சுற்றுலா

என் மகள் ஏஞ்சல் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். அவளுடைய புவியியல் வகுப்பை ஊருக்குள் ஒரு நடைக்கு அழைத்துப் போனார்கள். பழைய கட்டடங்களின் கல்லில் பூமியின் கதையைப் பார்ப்பதுதான் நடை. வழிகாட்ட எங்கள் அலுவலகத்தில் ஆள் கேட்டார்கள். அன்று எனக்குக் கிராஞ்சிப் பக்கம் ஒரு பழைய சுவரைப் பார்க்கிற வேலை இருந்ததால் மாலினி போனாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்த ஏஞ்சலுக்கு வாய் ஓயவில்லை. சாய்ந்த அடுக்கு என்றால் காற்றோ தண்ணீரோ அந்தப் பக்கமாக ஓடியிருக்கிறது என்று அர்த்தமாம். ஒரு ஹோட்டல் தரையில் சுருண்ட சிப்பி இருந்ததாம், சுண்ணாம்புக்கல்லாம், மொத்தமும் ஒரு காலத்தில் கடலாம். இதையெல்லாம் அவளுக்கு நான் சின்ன வயதிலிருந்தே சொல்லி வருகிறேன். எம்ஆர்டி ரயில் நிலையத்தில், கோயில் வாசலில், மாமா கல்யாண மண்டபத்தில்கூடச் சொல்லியிருக்கிறேன். அப்போதெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை, இப்போது என்னை ஆச்சரியமாகப் பார்த்துக் கேட்டது: "அப்பா, நீங்களும் மாலினி ஆன்ட்டி செய்ற அதே வேலைதான் செய்றீங்களா? ஏன் சொல்லவே இல்ல?"

ஒரு நாள் சந்தோஷம்

கிழக்குக் கரைப் பக்கம் ஒரு பழைய பங்களா. மாலினி முதலில் போய்ப் பார்த்துவிட்டு, முன்சுவர் மணற்கல், அடுக்குகள் படுக்கையாக இருக்கின்றன, பயமில்லை என்று சொல்லியிருந்தாள். அடுத்த கட்ட வேலைக்கு நான் போனேன். சுவரைத் தொட்டதும் சந்தேகம். வரிகள் அழகாக இருந்தன, ஆனால் ஒரு கல்லில் ஓடிய வரி பக்கத்துக் கல்லிலும் அதே வளைவில் ஓடியது. இரண்டு கற்கள் ஒரே மாதிரிப் படிய ஆற்றுக்கு என்ன தலையெழுத்து? சன்னலுக்குக் கீழே ஒரு மூலை உடைந்திருந்தது, உள்ளே செங்கல். மொத்தமும் சிமெண்டில் கல்தூள் கலந்து பூசி, வரி இழுத்து, கல்போல் செய்த பூச்சு. அந்தக் காலத்தில் இங்கே நிறைய வீடுகளில் செய்ததுதான். மாலினி ஏமாந்துவிட்டாள்!

திரும்பி வரும் பஸ்ஸில் என் முகம் கண்ணாடியில் தெரிந்தது. எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கும்படி சிரித்துக்கொண்டிருந்தேன். முதலாளி டானிடம் எப்படிச் சொல்வது என்று வாக்கியங்களை அடுக்கிப் பார்த்தேன். 'பாவம், அனுபவம் போதாது' என்று ஆரம்பிக்கலாமா? அதற்கு முன்னால் ஒரு நாகரிகத்துக்காக மாலினிக்குப் போன் செய்தேன். "ஐயோ, பூச்சா? நான் தட்டிக்கூடப் பாக்கலையே! நல்லவேள நீங்க போனீங்கண்ணே" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். நான் அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் அவளே டானிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தாள். நான் உள்ளே நுழைந்ததும் டான் நாற்காலியில் சாய்ந்து நெகிழ்ந்துபோய்ச் சொன்னார்: "தப்பத் தானே வந்து ஒத்துக்கிற ஆளு இந்தக் காலத்துல எங்கலா கிடைக்கும்? மாலினிகிட்ட நாம எல்லாரும் கத்துக்கணும், சேவியர்."

கல்யாண வாசல்

இதைச் சொல்லும்போது சிரிப்பு வராது. நகரத்துக்குள் ஒரு பழைய மாளிகை. இப்போது விருந்து மண்டபமாக நடத்துகிறார்கள். முன்வாசலுக்கு மேலே மணற்கல் பலகைகள் பதித்த வளைவு. மாலினி ட்ரோன் விட்டுப் படம் எடுத்து, விரிசல் எதுவும் தெரியவில்லை என்று சொல்லியிருந்தாள். கையால் தொட்டுப் பார்க்கிற வேலை என்னுடையது. ஒரு சனிக்கிழமைக் காலை தூக்கி இயந்திரத்தில் ஏறி மேலே போனேன். விரிசல் இல்லைதான். ஆனால் வளைவின் நடுவில் இருந்த பலகையில் வரியே தெரியவில்லை. வரி தெரியாத மணற்கல் என்றால் அடுக்கு நம்மைப் பார்த்து நிற்கிறது என்று அர்த்தம். புத்தகத்தை நிமிர்த்தி வைத்து அட்டையைப் பார்க்கிற மாதிரி. பக்கத்துக் கற்களைச் சுத்தியால் தட்டினேன், கணீரென்றது. இதைத் தட்டினேன், பொத்தென்று கேட்டது. உள்ளே ஓர் அடுக்கு பிடிப்பு விட்டிருக்கிறது.

அன்று மாலை அங்கே ஒரு தமிழ்க் கல்யாண வரவேற்பு. கீழே வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். முன்வாசலை மூட வேண்டும் என்று நான் சொன்னால் ரகளையாகும். அது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. வேறொன்று தோன்றியது. மாலினி சரியென்று சொன்ன கல் இது. இதைத் தப்பென்று சொல்ல நான் எத்தனை நாளாகக் காத்திருக்கிறேன்! பொத்தென்று கேட்டது கல்லா, என் வயிறா? மறுபடி தட்டினேன். கணீரென்று கேட்ட மாதிரியும் இருந்தது. இன்னொரு முறை தட்டினேன். என் காதை நானே நம்ப முடியாத நிலைமை எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. கீழே ஒரு குழந்தை அந்த வாசற்படியில் உட்கார்ந்து பலூன் ஊதிக்கொண்டிருந்தது. முதல் வேலையாக அந்தப் பிள்ளையை உள்ளே அனுப்பச் சொல்லிக் கத்தினேன். பிறகு, இந்த ஊரில் எனக்கு உண்மையைச் சொல்லக்கூடிய ஒரே காது யாருடையது என்று யோசித்தேன். யோசிக்க நேரம் ஆகவில்லை, ஒத்துக்கொள்ளத்தான் நேரமானது. மாலினிக்குப் போன் செய்தேன்.

அவளுக்கு அன்று விடுமுறை. வீட்டுச் செருப்போடு டாக்சியில் வந்து இறங்கினாள். பாதுகாப்புச் சப்பாத்து இல்லாமல் மேலே ஏறக்கூடாது என்று தொழிலாளி ஒருவரிடம் பெரிய சப்பாத்தை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டாள். மேலே வந்ததும் சுத்தியை மட்டும் நீட்டினேன். தட்டினாள். உள்ளங்கையைக் கல்லில் பதித்துக்கொண்டு மறுபடி தட்டினாள். சிரிப்பு போய்விட்டது. "அண்ணே, ட்ரோன்ல இது தெரியவே இல்ல. நான் பாத்திருக்கணும். உடனே மூடணும்" என்றாள். கீழே மண்டப மேலாளர் ரேணுகா எங்களைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதானே மாலினி எல்லாம் ஓகேன்னு சொன்னீங்க? இப்ப இவர் சொல்றாருன்னு மாத்திப் பேசறீங்களா?" மாலினி சத்தம் போடாமல் பதில் சொன்னாள்: "ஆமா மேடம், நான் தப்பா சொன்னேன். இவர் சரியா சொல்றாரு. இந்த வாசல் வழியா ஒருத்தரும் போகக்கூடாது."

வாசலை மூடினோம். மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார், மேளக்காரர், சேலை சரசரக்க வந்த அத்தனை பேரும் பின்பக்கம் சுற்றிச் சமையலறை வழியாக உள்ளே போனார்கள். போகும்போது எங்களைப் பார்த்த பார்வைகளை எழுத இங்கே இடமில்லை. முன்னால் எங்கள் ஆட்கள் தட்டையான இரும்புப் பட்டையை அந்தப் பலகையின் விளிம்பில் நுழைத்தார்கள். நெம்பக்கூட இல்லை. தோசை கல்லை விட்டுக் கிளம்புகிற மாதிரி மொத்த முகமும் கிளம்பி அவர்கள் கைக்கு வந்தது. மூன்று பேர் தாங்கிப் பிடித்து இறக்கினோம். அரிசி மூட்டை கனம் இருக்கும். தார்ப்பாயில் கிடத்தியபோது பின்பக்கத்தில் ஈரமும் பாசியும். எத்தனை நாளாக ஒட்டியும் ஒட்டாமலும் நின்றதோ. மாலினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பெண்ணின் தகப்பனார் சண்டை போடத்தான் வெளியே வந்தார். தார்ப்பாயில் கிடந்ததைப் பார்த்தார், அண்ணாந்து வாசலைப் பார்த்தார், பட்டு வேட்டியோடு குந்தி உட்கார்ந்து அந்தக் கல்லின்மேல் கையை வைத்தார். பிறகு சொன்னார்: "சமையக்கட்டு வழியா வந்ததுல ஒண்ணும் கொறஞ்சு போகல தம்பி, எல்லாரும் பிரியாணிய முன்னாடியே பாத்துட்டாங்க. இந்தக் கல்ல மட்டும் என் சம்சாரம் கண்ணுல காட்டிடாதீங்க."

தலைமை

அதற்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் கல்வேலைகளுக்கெல்லாம் ஒருவரைத் தலைமையாகப் போடப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. எனக்கும் ஆசை இருந்தது. இல்லையென்று சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை. மண்டபத்திலிருந்து வந்த நன்றிக் கடிதத்தில் மாலினி பெயர்தான் முதலில் இருந்தது. சரி, முடிந்தது கதை என்று நினைத்தேன். ஒரு நாள் டான் என்னைக் கூப்பிட்டு, இனிமேல் நீங்கள்தான் தலைமை என்றார். எழுந்து நின்று கைகுலுக்கினேன். மனைவிக்குச் செய்தி அனுப்பினேன். லிஃப்டில் இறங்கும்போது என் பிம்பத்துக்கே ஒரு வணக்கம் வைத்தேன். ஈசூன் கடைத்தொகுதியில் மகளுக்குப் பிடித்த கோழிச் சோறு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பெரிய மனிதன் மாதிரி உட்கார்ந்தேன்.

அந்தப் பெருமை ஒரு வாரம்கூட நிற்கவில்லை. மாலினி மேற்படிப்புக்கு ஸ்காட்லாந்து போகிறாள் என்று தெரிந்தது. வழியனுப்பு விருந்தில் டானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் சுட்ட இறைச்சி கோத்த ஸாத்தே குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னார்: "உங்களுக்குத் தெரியுமாலா? மாலினியத்தான் முதல்ல கேட்டேன். 'சேவியர் இருக்கும்போது என்ன ஏன் கேக்கறீங்க பாஸ்'னு திட்டிட்டுப் போயிட்டாங்க."

ஊரே கல்

இப்போது அவள் அங்கிருந்து படங்கள் அனுப்புகிறாள். நான் மலிவு டிக்கெட் கிடைத்தால் போகலாம் என்று பல காலமாக நினைத்திருந்த ஊர்கள். வீடு மணற்கல், பாலம் மணற்கல், மதுக்கடையும் மணற்கல். சிவப்பு, மஞ்சள், தேன் நிறம். சாய்ந்த அடுக்கு, படுத்த அடுக்கு, பழங்காலத்துக்காரர்கள் அவசரத்தில் நிமிர்த்தி வைத்து உரிந்துபோன அடுக்கு. ஒரு தெரு முழுக்க என் வாழ்நாளில் நான் பார்த்ததைவிட அதிக மணற்கல். நான் இங்கே நாற்பதாவது முறையாக ஒரு கருங்கல் படியைப் பார்த்துவிட்டு, ஐந்தடிப் பாதையில் நின்று அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். 'சூப்பர்லா' என்று பதில் அனுப்புவேன். விரல் அந்த எழுத்துகளுக்குத் தானே பழகிவிட்டது.

போன வாரம் படத்துக்குப் பதிலாகக் குரல் வந்தது. பின்னால் காற்றுச் சத்தம், கடற்பறவைச் சத்தம். ஏதோ கடலோரப் பாறைக்கு முன்னால் நிற்கிறாள் போல. குளிரில் பல் தந்தியடித்தது, ஆனாலும் குரல் அதே குரல்: "அண்ணே, இங்க மலையே அடுக்கடுக்கா நிக்குது. எல்லாரும் என்னென்னவோ சொல்றாங்க, எனக்குப் பாதி புரியல. உங்களப் பாத்து எனக்கு எப்பவுமே பொறாமதான்ணே, நீங்க தட்டுன உடனே சொல்லிருவீங்க."

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரே கவலை: இத்தனை வருஷமாக நான் கஷ்டப்பட்டு வளர்த்த பொறாமையிலும் அவள்தான் எனக்கு முந்திக்கொண்டாளோ என்று.